மின்ஸ் பையில் இறைச்சி இல்லை, சிப்ஸில் இருக்கலாம்

இன்னைக்கு எபிசோடுக்குக் காரணம் ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் நோட். கும்பகோணம் பக்கத்துப் பொண்ணு, இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக வேலை பார்க்கிறாங்க. அவங்க சொன்னதை அப்படியே சொல்றேன்.

"அக்கா, நான் பிறந்ததிலேர்ந்து சைவம். இங்க வந்த ரெண்டு வருஷமா வெளியில சாப்பிடணும்னா சிப்ஸ் மட்டும்தான் வாங்குவேன். உருளைக்கிழங்கு, எண்ணெய், உப்பு. இதுல என்ன வந்துடப் போகுதுன்னு. போன வாரம்தான் கடைச் சுவர்ல மாட்டியிருந்த போர்டை ஒழுங்காப் படிச்சேன். பீஃப் டிரிப்பிங்னு பெரிசா, பெருமையா எழுதியிருக்கு. டிரிப்பிங்னா சொட்டுறதுதானே, இது என்னன்னு கூட வேலை பார்க்கிறவங்ககிட்ட கேட்டேன். மாட்டுக் கொழுப்பு, அதுல பொரிச்சாத்தான் சிப்ஸ் ருசின்னு சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை."

இவங்க இங்கிலீஷ் தெரியாதவங்க இல்லை. நர்ஸ் வேலைக்கான மொழித் தேர்வில் நல்ல மார்க் வாங்கிட்டுத்தான் போயிருக்காங்க. ஆனா அந்தத் தேர்வு எதுவும் சாப்பாட்டு இங்கிலீஷைச் சொல்லித் தராது. அது தனி மொழி. அதில் பழைய சொற்கள் பழைய அர்த்தத்தோட அப்படியே உட்கார்ந்திருக்கும். பேரில் இறைச்சி இருந்தால் தட்டில் இருக்காது, பேரில் இல்லாத இடத்தில் தட்டில் இருக்கும். நீங்க சைவமோ, மாட்டிறைச்சி மட்டும் தவிர்ப்பவரோ, ஹலால் பார்ப்பவரோ, எல்லாருக்கும் இது தேவை. எதையும் சாப்பிடுறவங்களும் கேட்கலாம், சுவாரசியமான விஷயம்தான்.

முதல்ல அந்த டிரிப்பிங். அர்த்தம் அவங்க சொன்னதுதான், சொட்டுவது. நெருப்புக்கு முன்னால் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டைக் கம்பியில் குத்திச் சுற்றிச் சுற்றி வாட்டும்போது அதிலிருந்து கொழுப்பு சொட்டுச் சொட்டாக வடியும். அதைப் பாத்திரத்தில் பிடித்து வைப்பார்கள். அந்தக் கொழுப்புக்கே டிரிப்பிங் என்று பேர் வந்துவிட்டது. வடக்கு இங்கிலாந்தில், குறிப்பாக யார்க்ஷயரில், பல ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடைகள் இன்னும் இதில்தான் பொரிக்கின்றன. தெற்கே பெரும்பாலும் தாவர எண்ணெய். அந்தக் கடைக்காரர் போர்டில் எழுதி வைத்தது நேர்மைதான், அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு அது தரத்தின் அடையாளம், நம்ம ஊர்ல "நெய்யில் செய்தது"ன்னு எழுதி வைக்கிற மாதிரி.

இதே டிரிப்பிங்தான் யார்க்ஷயர் புட்டிங்கிலும் இருக்கு. புட்டிங் என்றதும் நமக்கு கேரமல், கஸ்டர்டு நினைவுக்கு வரும். இது அது இல்லை. மைதா, முட்டை, பால் மூன்றையும் தோசை மாவைவிடத் தண்ணியாகக் கரைத்து, கொதிக்கிற டிரிப்பிங் ஊற்றிய தட்டில் விட்டு அவனில் வைத்தால் கிண்ணம் மாதிரி உப்பி வரும். இனிப்பே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ரோஸ்ட் பண்ணின இறைச்சியோடு சாப்பிடுவது. 1737-இல் வந்த ஒரு சமையல் குறிப்பில் இதற்கு டிரிப்பிங் புட்டிங் என்றே பேர். வாட்டுகிற இறைச்சிக்குக் கீழே இந்த மாவுத் தட்டை வைத்து, சொட்டுகிற கொழுப்பை வீணாக்காமல் பிடித்துக்கொள்வார்கள். 1747-இல் ஹன்னா கிளாஸ் என்ற அம்மையார் தன் சமையல் புத்தகத்தில் இதை யார்க்ஷயர் புட்டிங் என்று எழுதினார். அந்தப் பேர் நிலைத்துவிட்டது.

அப்படியானால் புட்டிங் என்றால்தான் என்ன? இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏன்னா இந்த ஒரு சொல்லைப் புரிந்துகொண்டால் பிரிட்டிஷ் மெனுவில் பாதி புரிந்த மாதிரி.

இடைக்கால இங்கிலீஷில் புட்டிங் என்பது குடலுக்குள் எதையாவது திணித்து வேகவைத்த பண்டம். பிரெஞ்சில் ரத்தம் சேர்த்த சாசேஜுக்கு இன்றைக்கும் பூதேன் என்றுதான் பேர். இங்கிலீஷ் சொல் அதிலிருந்து வந்ததாகத்தான் பொதுவாகச் சொல்கிறார்கள். அந்தப் பழைய அர்த்தம் இன்றும் உயிரோடு இருப்பது பிளாக் புட்டிங்கில். பன்றி ரத்தம், கொழுப்பு, ஓட்ஸ் அல்லது பார்லி சேர்த்துக் குடலில் அடைத்தது. நம்ம ஊர் ரத்தப் பொரியலுக்குத் தூரத்துச் சொந்தம்னு வெச்சுக்கலாம். வட இங்கிலாந்தில் பெரி என்ற ஊரும், ஸ்காட்லாந்துத் தீவில் ஸ்டோர்னோவேயும் இதுக்குப் பேர் போனவை. முழு இங்கிலீஷ் பிரேக்ஃபாஸ்ட் கேட்டால் தட்டில் கறுப்பாக வட்டமாக ஒன்று இருக்குமே, அதுதான். பக்கத்தில் வெள்ளையாக இருந்தால் ஒயிட் புட்டிங். அதில் ரத்தம் இருக்காது. பன்றிக் கொழுப்பு இருக்கும். வெள்ளை நிறத்தைப் பார்த்து நம்பாதீங்க.

ஸ்காட்லாந்தின் ஹேகிஸும் இந்தக் குடும்பம்தான். ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல், ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு எல்லாம் சேர்த்து ஆட்டின் இரைப்பையில் அடைத்து வேகவைப்பார்கள். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் இதைப் போற்றி ஒரு கவிதையே எழுதினார். ஜனவரி 25 அவர் பிறந்தநாள், அன்று ராத்திரி ஸ்காட்லாந்துக்காரர்கள் வீட்டில் ஹேகிஸ் கட்டாயம். இப்போ சைவ ஹேகிஸ் கடைகளில் தாராளமாகக் கிடைக்குது.

பிறகு 17-ஆம் நூற்றாண்டில் குடலுக்குப் பதிலாகத் துணி பரவலாக வந்தது. மாவு, உலர்ந்த பழம், கொழுப்பு எல்லாவற்றையும் ஒரு துணியில் மூட்டையாகக் கட்டிக் கொதிநீரில் போட்டார்கள். குடல் தேவையில்லை என்றானதும் இனிப்பு வகைகள் பெருகின. கிறிஸ்துமஸ் புட்டிங் இந்த வழியில் வந்தது. நாளடைவில் சாப்பாட்டின் முடிவில் வருகிற எந்த இனிப்புக்கும் புட்டிங் என்றே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நம்ம நர்ஸ் வேலை பார்க்கிற இல்லத்தில் ஒரு பாட்டி "வாட்ஸ் ஃபார் புட்டிங்?"னு கேட்டால், இன்னைக்கு என்ன ஸ்வீட்னு அர்த்தம். ஐஸ்கிரீமாக இருந்தாலும் அவருக்கு அது புட்டிங்தான். அதே பாட்டி "வாட்ஸ் ஃபார் டீ?"ன்னு கேட்டால் டீ வேணும்னு அர்த்தம் இல்லை. வட இங்கிலாந்தில் டீ என்பது மாலைச் சாப்பாடு, டின்னர் என்பது பெரும்பாலும் மதியச் சாப்பாடு. "சாப்பாட்டுக்கு அப்புறம் மாத்திரை"ன்னு எழுதியிருக்கிற இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை. எந்த நேரத்துச் சாப்பாடுன்னு மணி கேட்டு உறுதி பண்ணிக்குங்க.

சரி, துணிக்கு மாறியாச்சு, இனிப்பாச்சு. அப்போ சைவம்தானேன்னு கேட்டால், இல்லை. அந்தக் கொழுப்பு உள்ளேயே தங்கிவிட்டது. அதற்குப் பேர் சூயட். மாடு அல்லது ஆட்டின் சிறுநீரகத்தைச் சுற்றி இருக்கிற கெட்டியான கொழுப்பு. பிரிட்டிஷ் சமையலில் நம்மவர்கள் கட்டாயம் தெரிஞ்சு வெச்சுக்க வேண்டிய ஒரே ஒரு சொல்னா நான் இதைத்தான் சொல்லுவேன். பாரம்பரியக் கிறிஸ்துமஸ் புட்டிங்கில் சூயட். ஸ்டூவில் மிதக்கிற உருண்டைகளில் சூயட். ஜாம் ரோலி போலி என்று ஒரு இனிப்பு, மாவைத் தேய்த்து ஜாம் தடவிச் சுருட்டி வேகவைப்பது, அதிலும் சூயட். பேரைக் கேட்டதும் நம்ம பருப்பு போலி மாதிரி இருக்கும்னு ஆசைப்பட்டுடாதீங்க. தாவரக் கொழுப்பில் செய்த வெஜிடபிள் சூயட்டும் கடையில் இருக்கு, அதனால் கேட்டுத் தெரிஞ்சுக்க வழி உண்டு.

இப்போ தலைப்பில் சொன்ன மின்ஸ் பை. கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆபீஸ், ஆஸ்பத்திரி, ஸ்கூல் எல்லா இடத்திலும் தட்டில் வைத்து நீட்டுவார்கள். உள்ளே இருப்பதற்குப் பேர் மின்ஸ்மீட். மீட்னு இருக்கேன்னு பல பேர் வேண்டாம்னு ஒதுங்கிடுவாங்க. உள்ளே திராட்சை, ஆப்பிள், சர்க்கரை, ஆரஞ்சுத் தோல், மசாலா, கூடவே பல சமயம் பிராண்டி. இறைச்சித் துண்டு கிடையாது. ஒரு காலத்தில் உண்மையிலேயே கொத்திய இறைச்சியும் பழமும் சேர்ந்துதான் இருந்தது. இறைச்சி மெல்ல வெளியே போயிடுச்சு, பேர் தங்கிடுச்சு. ஆனால் சூயட்? அது பல செய்முறைகளில் இன்னும் உள்ளேதான். ஆக, பேரைப் பார்த்துப் பயந்தவர் தவறான காரணத்துக்குப் பயந்தார். பழம்தானேன்னு துணிந்து சாப்பிட்டவரும் ஏமாந்திருக்கலாம்.

வெறும் மின்ஸ் என்று மெனுவில் இருந்தால் கதை தலைகீழ். அது கொத்துக்கறி, நம்ம கைமா. எந்த மிருகம்னு சொல்லாவிட்டால் பிரிட்டனில் பெரும்பாலும் மாடு. ஸ்காட்லாந்தில் மின்ஸ் அண்ட் டாட்டீஸ் என்றால் மாட்டுக் கைமாவும் மசித்த உருளைக்கிழங்கும்.

மீட் என்ற சொல்லுக்கே பழைய இங்கிலீஷில் பொதுவாக உணவு என்றுதான் அர்த்தம். இறைச்சி என்று சுருங்கியது பிறகு. அந்தப் பழைய அர்த்தம் ஸ்வீட்மீட் என்ற சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கு, அது மிட்டாய், பலகாரம் எல்லாவற்றுக்கும் பொதுப் பேர். நமக்கு ஊண் என்றால் உணவு, ஊன் என்றால் இறைச்சி. மூன்று சுழி, இரண்டு சுழி வித்தியாசத்தில் நாம் பிரித்து வைத்திருப்பதை இங்கிலீஷ்காரர் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பியிருக்கார். ஸ்வீட்மீட் சைவம். ஸ்வீட்பிரெட்? பன் மாதிரி இருக்குமேன்னு ஆர்டர் பண்ணினால் கன்றுக்குட்டி அல்லது ஆட்டுக்குட்டியின் தைமஸ் சுரப்பி, இல்லாவிட்டால் கணையம் வரும். இனிப்பும் இல்லை, ரொட்டியும் இல்லை. ஹெட் சீஸும் சீஸ் இல்லை. பன்றித் தலையை வேகவைத்து அந்தச் சாற்றிலேயே உறைய வைத்தது, அது அமெரிக்கப் பேர். பிரிட்டனில் அதே பண்டம் பிரான்.

மிருகத்தின் பேரை வைத்து விளையாடின பண்டங்களும் இருக்கு. டோட் இன் தி ஹோல், அதாவது பொந்துக்குள் தேரை. தேரை கிடையாது. யார்க்ஷயர் புட்டிங் மாவில் சாசேஜைப் போட்டுச் சுடுவது. வெல்ஷ் ராபிட்டில் முயல் இல்லை, சீஸை உருக்கி டோஸ்ட் மேல் ஊற்றியது. முயல்கூட வாங்க முடியாதவர்கள் என்று வேல்ஸ்காரர்களைக் கிண்டல் பண்ணி வந்த பேர் என்பது பரவலான விளக்கம். பின்னால் யாரோ கௌரவமாக ரேர்பிட் என்று மாற்றி எழுதினார்கள். அப்போ சைவமா? அதில் பொதுவாக வூஸ்டர் சாஸ் சேர்ப்பார்கள். எழுத்தைப் பார்த்தால் வொர்செஸ்டர்ஷயர் என்று நீளமாக இருக்கும். அதில் நெத்திலி வகையைச் சேர்ந்த ஆன்சோவி மீன் இருக்கு. ஸ்காட்ச் வுட்காக் என்பதிலும் பறவை கிடையாது, டோஸ்ட் மேல் முட்டையும் ஆன்சோவியும்.

மாட்டிறைச்சி மட்டும் சாப்பிடாதவர்களுக்கு இரண்டு பேர்கள். ஷெப்பர்ட்ஸ் பை, காட்டேஜ் பை. பார்க்க இரண்டும் ஒன்றுதான், கீழே கைமா, மேலே மசித்த உருளைக்கிழங்கு. பைன்னு பேர் இருந்தாலும் மாவு மூடி கிடையாது. ஷெப்பர்ட் என்றால் ஆட்டிடையர், எனவே ஆடு. காட்டேஜ் பையில் மாடு. இப்படி ஞாபகம் வெச்சுக்கலாம். ஆனால் சில கேன்டீன்களில் மாட்டுக் கைமாவைப் போட்டுவிட்டு ஷெப்பர்ட்ஸ் பைன்னு எழுதுவதும் நடக்கும், அதனால் கேட்டுடுங்க. கார்னிஷ் பாஸ்டிக்கு அந்தச் சந்தேகமே வேண்டாம். 2011 முதல் அந்தப் பேருக்கு ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பு இருக்கு. உள்ளே மாட்டிறைச்சி, உருளை, வெங்காயம், ஸ்வீட் என்கிற மஞ்சள் டர்னிப் இருந்தே ஆகணும். இந்த ஸ்வீட் இனிப்பு இல்லை, ஸ்வீடன்காரரைக் குறிக்கும் சொல்லும் கிழங்கின் பேரும் ஒன்று.

மட்டன் என்று நாம் ஆட்டுக்கறியைச் சொல்கிறோம், அது பெரும்பாலும் வெள்ளாடு. அங்கே மட்டன் என்றால் முதிர்ந்த செம்மறியாடு, லாம்ப் என்றால் ஒரு வயதுக்குட்பட்ட செம்மறிக் குட்டி. வெள்ளாடு வேணும்னா கோட் என்றே கேட்கணும். ஆடு மேயும்போது ஷீப், தட்டுக்கு வந்தால் மட்டன். மாடு கௌ, தட்டில் பீஃப். பன்றி பிக், தட்டில் போர்க். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு மேய்த்தவன் பேச்சு இங்கிலீஷாகவும் சாப்பிட்டவன் பேச்சு பிரெஞ்சாகவும் இருந்ததால் இப்படி ஆனது என்று வால்டர் ஸ்காட் தன் ஐவன்ஹோ நாவலில் பிரபலமாக்கினார். இது ஒரே நாளில் நடந்த பங்கீடு இல்லை. பல நூற்றாண்டுகள் இரண்டு சொற்களும் கலந்தே புழங்கின. ஆனாலும் ஞாபகம் வைக்க நல்ல கதை.

இங்கிலீஷ் மெனுவில் வரும் மற்ற ஐரோப்பியப் பேர்களும் இப்படித்தான், பொருளைச் சொல்லாது, வேறெதையோ சொல்லும். பயேயா என்பது வலென்சியா மொழியில் வாணலி. காசுலே என்ற தென்பிரான்ஸ் பீன்ஸ் பண்டம் அது வேகிற மண்சட்டியின் பேரால் வந்தது. பீன்ஸ்னு நம்பிப் போனால் வாத்தும் பன்றி சாசேஜும் இருக்கும். குலாஷ் ஹங்கேரியில் மாடு மேய்ப்பவரைக் குறிக்கிற சொல். அங்கே அது சூப், மற்ற நாடுகளில் குலாஷ் என்று தருகிற கெட்டிக் குழம்புக்கு அவர்கள் சொல்லும் பேர் பொர்கொல்ட். பிளமாஞ் என்ற பால் இனிப்புக்கு நேர் அர்த்தம் வெள்ளை உணவு. இடைக்காலத்தில் அது கோழி நெஞ்சுக்கறி, அரிசி, பாதாம்பால், சர்க்கரை சேர்த்துச் செய்தது. மின்ஸ் பை போலவே இங்கேயும் இறைச்சி போய்விட்டது, ஆனால் உறைய வைக்க ஜெலட்டின் வந்து சேர்வதுண்டு. முல்லிகடானி சூப்பைப் பார்த்து நம்ம மிளகுத்தண்ணின்னு சந்தோஷப்படாதீங்க. சொல் நம்முடையதுதான். பாத்திரத்தில் பெரும்பாலும் கோழி அல்லது ஆட்டுச் சாறு.

இனி நாம் பேசுகிற இங்கிலீஷ். "இஸ் இட் வெஜ்?"னு கேட்காதீங்க. அங்கே வெஜ் என்றால் காய்கறி. "மீட் அண்ட் டூ வெஜ்" என்பது அவர்களுடைய பழைய சாப்பாட்டுக் கணக்கு, ஒரு இறைச்சி, இரண்டு காய். நீங்க இஸ் இட் வெஜ்னு கேட்டால், எஸ், காய்கறியும் கூடவே வரும்னு ஒருத்தர் நல்ல மனசோட பதில் சொல்லலாம். பியூர் வெஜ் சுத்தமாகப் புரியாது. வெஜிடேரியன்னு முழுசாகச் சொல்லுங்க, முட்டை வேண்டாம்னா அதைத் தனியாகச் சொல்லுங்க, ஏன்னா அங்கே முட்டை வெஜிடேரியனில் சேர்த்தி. கிரேவியும் அப்படித்தான். நமக்குப் பன்னீர் கிரேவி, காளான் கிரேவி. அவர்களுக்கு கிரேவி என்றால் இறைச்சிச் சாற்றில் செய்தது. பாக்கெட்டில் வரும் சில கிரேவித் தூள்கள் சைவம்தான், ஆனால் பாக்கெட்டைப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

பாக்கெட்டைப் பார்ப்பதிலும் ஒரு விஷயம் இருக்கு. இது பல பேருக்குத் தெரியாது. பிரிட்டனில் பொருள் பட்டியலில் சில சொற்கள் மட்டும் தடிமனான எழுத்தில் இருக்கும். ஆபத்தானதை எல்லாம் தடிமனாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைப்போம். அது ஒவ்வாமைக்கானது. பால், முட்டை, மீன், கோதுமை, கடுகு, எள், வேர்க்கடலை என்று சட்டப்படி 14 வகை. மாட்டுக் கொழுப்பு அதில் வராது, பன்றிக் கொழுப்பான லார்டும் வராது, ஜெலட்டினும் வராது. அவை சாதாரண எழுத்தில் நடுவில் எங்கேயோ இருக்கும். நம்ம நாட்டுப் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி கட்டாயம், அங்கே அப்படி ஒரு கட்டாய முத்திரை இல்லை. தயாரிப்பவர் விரும்பினால் வெஜிடேரியன் என்று போடுவார். சீஸ் வாங்கும்போது ரெனெட் என்ற சொல்லைத் தேடுங்க, பாலை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பது. தாவர, நுண்ணுயிர் ரெனெட்டும் உண்டு. ஆனால் பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்று முழுப் பேரோடு வரும் இத்தாலியச் சீஸ் விதிப்படி கன்றின் ரெனெட்டில்தான் செய்யப்படணும். அது சேர்ந்த பெஸ்டோவும் அப்படியே.

கடையில் கேட்க மூணு கேள்வி போதும். பொரித்ததற்கு, "வாட் இஸ் இட் ஃப்ரைட் இன்?" சூப்புக்கு, "இஸ் இட் மேட் வித் மீட் ஸ்டாக்?" இனிப்புக்கு, "டஸ் இட் கன்டெய்ன் சூயட் ஆர் ஜெலட்டின்?" பண்டத்தின் பேரைச் சொல்லி இதில் என்ன இருக்குன்னு பொதுவாகக் கேட்டால் பழம், மாவு, சர்க்கரைன்னு பதில் வரும். கொழுப்பை யாரும் பொருளாகவே கணக்கில் வைக்க மாட்டாங்க, நாம சாம்பார்ல என்ன இருக்குன்னு கேட்டா உப்பைச் சொல்லாத மாதிரி.

அந்த நர்ஸுக்கு இதையெல்லாம் அனுப்பினேன். ரெண்டு நாள் கழிச்சுப் பதில் வந்தது. அவங்க ஏரியாவிலேயே எண்ணெயில் பொரிக்கிற கடை ஒண்ணைக் கண்டுபிடிச்சிருக்காங்க. மீன் பொரிக்கிற எண்ணெயும் சிப்ஸ் எண்ணெயும் தனித்தனின்னு கேட்டு உறுதியும் பண்ணியாச்சு. ரெண்டு வருஷத்து சிப்ஸைப் பத்தி அம்மாகிட்டே சொல்லலையாம், சொல்லப் போறதும் இல்லையாம். அடுத்த மாசம் அம்மா அங்கே வர்றாங்க. போன்லேயே சூயட், லார்டு, டிரிப்பிங், ஜெலட்டின்னு நாலு சொல்லை அம்மாவைத் திரும்பத் திரும்பச் சொல்ல வெச்சிருக்காங்க. அம்மா அதைத் தினசரிக் காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கம் எழுதி, பாஸ்போர்ட்டுக்குள்ள வெச்சிருக்காங்களாம்.